தனி ஆளாக ஓர் ஆவணக்காப்பகம்: வாசகர் கேள்விகள்

போன இதழில், ஓர் அறக்கட்டளையின் ஆவண அறையில் இருபத்து மூன்று வருடமாக நான் பார்த்துவரும் வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. இந்தத் தொழிலை எங்கே போய்க் கற்பது? பயிற்சி, கருத்தரங்கு, மாநாடு என்று போய்வருவதால் நிஜமாகவே ஏதாவது கிடைக்குமா? சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடலாம்.

கேள்வி: அக்கா, எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் ஆவண அறையில் எட்டு மாதமாக இருக்கிறேன். நான் ஒருத்திதான். 1920-களிலிருந்து கட்டுக் கட்டாகக் காகிதம். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்கட்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக, எதையும் வருடவாரியாகப் பிரித்து அடுக்காமல் இருங்கள். எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. சேர்ந்த முதல் வருடம் பழைய மேலாளர் ஒருவரின் கட்டை அவிழ்த்தேன். கிணறு வெட்டப் பணம் கேட்டு ஓர் ஊரார் எழுதிய மனு, அதன் முதுகில் பென்சிலில் மேலாளரின் குறிப்பு, கொத்தனாரின் மதிப்பீட்டுச் சீட்டு, பதில் கடிதத்தின் நகல், எல்லாம் துருப்பிடித்த ஒரே குண்டூசியில் கோத்திருந்தன. நான் ஊசியைக் கழற்றி, மனுவை மனுக்களோடும் சீட்டைச் சீட்டுகளோடும் சேர்த்து, மேலே வருடம் எழுதி ஒட்டி, அலமாரி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நாலு மாதம் கழித்து ஓர் ஆய்வாளர் வந்து, அந்த ஊருக்கு ஏன் பணம் தரவில்லை என்று கேட்டார். காகிதம் அத்தனையும் என்னிடம்தான் இருந்தது. ஆனால் அவை ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதைச் சொன்னது அந்தக் குண்டூசி மட்டும்தான், அதை நான் குப்பையில் போட்டிருந்தேன்.

ஓரிடத்திலிருந்து வந்த காகிதம் பிரியாமல் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் அரசு 1841-லேயே சுற்றறிக்கை விட்டது. உள்ளே இருக்கும் வரிசையும் கலையக் கூடாது என்பதையும் சேர்த்து 1898-ல் மூன்று டச்சு ஆவணக்காப்பாளர்கள் கையேடாகவே எழுதிவைத்தார்கள். நான் கெடுத்த பிறகுதான் படித்தேன். துருப்பிடித்த ஊசியை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் எடுத்த கையோடு அந்தக் காகிதங்களை ஒரே மடிப்புத் தாளுக்குள் வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆறு பத்தி போடுங்கள்: குறியீட்டு எண், தலைப்பு, யார் உருவாக்கியது, எந்தக் காலம், எவ்வளவு இருக்கிறது, இது முழுத் தொகுப்பா, வரிசையா, கோப்பா, தனித் தாளா. ஆவணங்களை எப்படி விவரித்துப் பட்டியலிடுவது என்று உலக ஆவணக்காப்பக அவை வகுத்த தரத்தில் மொத்தம் இருபத்தாறு கூறுகள் உண்டு. அதில் எங்கேயும் விடக் கூடாதவை இந்த ஆறும்தான். பெட்டிக்கு ஒரு வரி என்று முதல் மூன்று மாதத்தில் அறை முழுவதையும் எழுதி முடியுங்கள். ஒரே பெட்டியைத் தாள் தாளாக எழுதி, மற்ற நூறு பெட்டியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வருடத்தை ஓட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சென்னை வரும்போது எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் வாசகராக இரண்டு நாள் உட்காருங்கள். அங்கே 1670 முதலான ஆவணங்கள் இருக்கின்றன. சீட்டு எழுதிக் கொடுப்பது, கட்டு வருவது, திரும்பிப் போவது எல்லாவற்றையும் கவனியுங்கள், அதுவே ஒரு படிப்பு. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் கட்டாயம் போங்கள். சைன்போர்டு வரைந்துகொண்டிருந்த ஒருவர் உங்களுக்குப் பக்கத்துக் கோட்டையூரில் தன் கைக்காசைப் போட்டுச் சேர்த்த புத்தகங்களிலிருந்துதான் 1994-ல் அந்த நூலகம் பிறந்தது.

கேள்வி: மேடம், போன வருடம் ஒரு தேசியக் கருத்தரங்குக்குப் போனேன். இரண்டு நாளும் குத்துவிளக்கு, பொன்னாடை, அப்புறம் திரையைப் பார்த்து அப்படியே வாசித்தார்கள். மதியம் தூங்கிவிட்டேன். இவ்வளவு செலவு செய்து போனதற்கு என்ன மிச்சம்? உங்களுக்கு நிஜமாக ஏதாவது கிடைத்திருக்கிறதா?
– வாசகர், மதுரை

பதில்: கிடைத்திருக்கிறது. ஆனால் மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

2012-ல் பெங்களூருவில் ஒரு பயிலரங்கு. சாப்பாட்டுக்குப் பிறகான அமர்வு, தலைப்பு பேரிடர். அறையில் பதினோரு பேர்தான் இருந்தோம், மற்றவர்கள் ஊர் சுற்றப் போய்விட்டார்கள். பேசிய அம்மாவுக்குக் குரலும் எடுபடவில்லை. நான் நோட்டில் குறித்துக்கொண்டது இவ்வளவுதான்: "ஈரத் தாள் – 48 மணி நேரம். அதற்குள் உலர்த்த முடியாவிட்டால் உறைய வை. பிரிக்காதே."

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவுத் தண்ணீர். மூன்றாம் நாள் காலையில்தான் உள்ளே போக முடிந்தது. 1930-களின் கணக்குப் பேரேடுகள் தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்கு பருத்து, அலமாரித் தட்டில் இறுகிப்போய், இழுத்தால் அட்டை மட்டும் கையோடு வந்தது. பழைய காப்பியிங் பென்சிலில் எழுதிய பக்கங்களிலிருந்து ஊதாச் சாயம் ஒழுகி, பக்கத்துப் பேரேட்டின் விளிம்பெல்லாம் நாவல்பழம் நசுக்கிய மாதிரி ஆகியிருந்தது. நல்லெண்ணத்தோடு உதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்று: மொட்டை மாடியில் விரித்துப் போடலாம், வெயில் வந்தால் காய்ந்துவிடும். எனக்கும் அதைத் தவிர வேறெதுவும் தோன்றியிருக்காது, அந்த ஒரு வரி மட்டும் மனதில் இல்லாமல் இருந்திருந்தால். நாற்பத்தெட்டு மணி நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டது, அடித்தட்டுகளில் பூஞ்சை வாசம் வர ஆரம்பித்திருந்தது. ஆனால் மேல் தட்டுகள் முந்தின நாள் இரவுதான் நனைந்திருந்தன.

ஐஸ்கிரீம் விநியோகம் செய்யும் ஒரு தெரிந்தவரின் குளிர்கிடங்கில் மின்சாரம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். பேக்கரியில் வாங்கிய பட்டர் பேப்பரை ஒவ்வொரு பேரேட்டுக்கும் சுற்றி, மீன் கொண்டுவரும் பிளாஸ்டிக் கூடைகளைக் கழுவி, முதுகு கீழே இருக்கும்படி ஒரே வரிசையாக அடுக்கினோம். நூற்று முப்பத்தாறு பேரேடுகள். உறைந்துவிட்டால் சாயம் அதற்கு மேல் ஓடாது, பூஞ்சை வளராது, நமக்கு அவகாசம் கிடைக்கும். பிறகு வாரத்துக்கு ஐந்தாறு என்று எடுத்து, பக்கங்களுக்கு நடுவே மை ஒற்றும் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். மே மாதம் வரை ஆனது. பதினெட்டைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றதெல்லாம் இன்றைக்கும் அலமாரியில் இருக்கின்றன, கோணிக்கொண்டு, ஆனால் படிக்கிற நிலையில்.

உங்கள் கருத்தரங்கு மோசமாகவே இருந்திருக்கலாம், நானும் அப்படிப் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: கிளம்பும் முன் அறையை ஒரு சுற்று சுற்றி, எனக்கு விடை தெரியாத ஒன்றை எழுதிக்கொண்டு போவேன். ஒரு முறை அது, "ஃபிலிம் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசம் வருகிறது, என்ன செய்ய?" என்பது. மேடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. டீ வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடம் கேட்டேன். அவர் ஒரு படச்சுருள் காப்பகத்தில் இருபது வருடம் இருந்தவர். அது அசிட்டேட் சிதைவு, அதாவது ஃபிலிமின் பிளாஸ்டிக்கே கெட்டுப்போவது, நிறுத்த முடியாது, குளிர வைத்தால் வேகம் குறையும், பக்கத்து டப்பாக்களையும் தொற்றும், அதனால் இன்றைக்கே தனியே எடுத்து வையுங்கள், முதலில் அதைத்தான் எண்ணிமப்படுத்த (டிஜிட்டலாக்க) வேண்டும் என்று டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். வாசலில் ஒரு போன் பேசினேன், அன்று மாலையே உதவியாளர் டப்பாக்களைப் பிரித்து வைத்துவிட்டார்.

கேள்வி: எங்கள் செயலாளர் பதிவுக் கட்டணம் என்றாலே முறைக்கிறார். எப்படிக் கேட்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: "மாநாட்டில் கலந்துகொள்ள அனுமதி வேண்டும்" என்று கேட்டால் முறைக்கத்தான் செய்வார். உங்களிடம் நானூறு ஒலிநாடா கிடக்கிறது என்று வையுங்கள். "ஒலிநாடாக்கள் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன, அந்த வேலையைச் செய்து முடித்த இருவர் அங்கே பேசுகிறார்கள், நம் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டு வருகிறேன்" என்று எழுதுங்கள். திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் இரண்டு பக்கக் குறிப்பு கொடுத்துவிடுங்கள், அதில் உடனே மாற்ற வேண்டியது ஒன்றாவது இருக்கட்டும். நான் அப்படி மூன்று தடவை கொடுத்த பிறகு, நாலாவது தடவை கட்டணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உலக ஆவணக்காப்பக அவையின் பெரிய மாநாடு பெரும்பாலும் நாலு வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. 2012-ல் பிரிஸ்பேன், 2016-ல் சியோல், கொரோனாவால் தள்ளிப்போய் 2023-ல் அபுதாபி. புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு அந்த அவை பயண உதவித்தொகையும் கொடுக்கிறது, விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். வெளிநாட்டுக்குப் போனால்தான் என்று இல்லை, இப்போது நிறைய அமர்வுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் டீ வரிசை அதில் கிடையாது, அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய்விடுங்கள். அமெரிக்க ஆவணக்காப்பாளர் சங்கத்தில் ஒற்றை ஆளாக ஆவணக்காப்பகம் நடத்துகிறவர்களுக்கு என்று தனிப் பிரிவே இருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி மாளாது.

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்பேடுகளையும் பழைய விழா மலர்களையும் ஸ்கான் செய்து வருகிறோம். ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நாங்கள் சொல்வதற்குப் புதிதாக என்ன இருக்கிறது? எனக்கு ஆங்கிலமும் சரளமாக வராது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, 1981-ல் நூலகம் எரிந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். உங்கள் ஊரில் ஒரு சனசமூக நிலையத்தின் குறிப்பேடு தப்பித்திருக்கிறது என்பதே கேட்கிறவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். 2005-லிருந்து நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி எல்லோரும் வாசிக்கும்படி வைத்துவருவது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பெரிய வேலைக்குப் பக்கத்தில் நாலு பேர் செய்வது சின்னது என்று நினைக்காதீர்கள்.

கோட்பாடு எதுவும் எழுத வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் முடிகிறது, எந்த ஸ்கானர், தைத்த குறிப்பேட்டை எப்படி விரித்தீர்கள், குறிப்பேட்டைக் கொடுக்க மறுத்த பெரியவர் பிறகு எப்படிச் சம்மதித்தார், எது கெட்டது. இதைத்தான் எல்லோரும் கேட்க விரும்புகிறார்கள், மேடையில் யாரும் சொல்வதில்லை. நான் முதலில் வாசித்த கட்டுரை ஒரு தவறைப் பற்றியது. மூவாயிரம் பக்கங்களை ஸ்கான் செய்து, கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்துவிட்டோம், பெட்டி எண்ணே இல்லை. ஒரு நாள் இரண்டு ஹார்ட் டிஸ்குகளை ஒன்றாக்கும்போது 1-ன் மேல் 1 ஏறி, முதலில் இருந்தது அழிந்துபோனது. ஐந்து வாரம் மறுபடி ஸ்கான். அதற்குப் பிறகுதான் பெட்டி, கோப்பு, பக்கம் மூன்றும் சேர்ந்த பெயர், மூலப் பிரதியாகச் சுருக்காத டிஃப் படக்கோப்பு, வாசிக்கச் சின்ன ஜேபெக் கோப்பு, மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில் என்ற ஒழுங்கு வந்தது. வாசித்து முடித்ததும் ஏழு பேர் என்னைத் தேடி வந்தார்கள். எல்லோருக்கும் அதே மாதிரி ஒன்று நடந்திருந்தது!

ஆங்கிலம் பற்றி: சுருக்கம் இருநூற்றைம்பது சொல்தான் கேட்பார்கள், தமிழில் எழுதி நண்பர் ஒருவரை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பேசும்போது மெதுவாகப் பேசுங்கள், படங்களை நிறையக் காட்டுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். கூட்டக் குறிப்பேடு என்றால் அதில் வருகைப் பட்டியல் இருக்கும், ஆட்களின் பெயரும் கையெழுத்தும் இருக்கும், யார் என்ன பேசினார் என்பதும் இருக்கும். அவர்களில் சிலர் உயிரோடு இருப்பார்கள், பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள். ஸ்கான் செய்வது வேறு, எல்லோரும் பார்க்க வைப்பது வேறு. 1996-ல் பெய்ஜிங்கில் ஏற்றுக்கொண்ட ஆவணக்காப்பாளர் நெறிமுறை, ஆவணங்களை எல்லோருக்கும் திறந்துவைக்கச் சொல்கிற அதே மூச்சில் ஆட்களின் அந்தரங்கத்தையும் மதிக்கச் சொல்கிறது. எந்த வருடம் வரை வெளியே விடலாம் என்பதை நிலையத்துப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி எழுத்தில் முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சு எப்படி நடந்தது என்பதையே உங்கள் கட்டுரையாக எழுதலாம், நான் வந்து முன்வரிசையில் உட்காருவேன்.

கேள்வி: பயிற்சிகளில் பதினெட்டு டிகிரி, இருபத்துநாலு மணி நேரக் குளிர்சாதனம் என்கிறார்கள். இங்கே மின்சாரமே நிலையாக இல்லை. வெளிநாட்டுப் பாடம் நமக்கு உதவுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அறையில் காலை ஒன்பதுக்கு ஏசி போட்டு மாலை ஐந்தரைக்கு நிறுத்துவோம், அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வோம். ஒரு பயிற்சியில், தாளைக் கெடுப்பது சூடு மட்டுமல்ல, ஏறி இறங்குவதும்தான், குளிர்ந்த அறைக்குள் இரவில் ஈரக்காற்று புகுந்தால் தாள் அதை உறிஞ்சும் என்று சொன்னார்கள். ஊருக்கு வந்து ஓர் ஈரப்பதமானி வாங்கி ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். பகலில் 52 சதவீதம், விடியற்காலையில் 81. அறுபத்தைந்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஏசியை விட்டுவிட்டு, ஈரம் நீக்கும் கருவி ஒன்றும் மின்விசிறிகளும் வைத்து, அலமாரிகளைச் சுவரிலிருந்து அரையடி தள்ளினோம். அறை கொஞ்சம் வெக்கையாக இருக்கிறது, பூஞ்சை வரவில்லை.

நம்மிடமிருந்து வெளியே போன பாடமும் உண்டு. பெரிய இயந்திரமும் சூடும் இல்லாமல், நைந்த தாளின் மேல் அசிட்டேட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தையும் டிஷ்யூ தாளையும் வைத்து, பஞ்சில் அசிட்டோன் தொட்டுக் கையாலேயே ஒட்டும் முறையை டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தில் உருவாக்கினார்கள், உலகம் அதை இந்திய முறை என்றே அழைத்தது. பிறகு படலம் ஒட்டுவதே தாளுக்கு நல்லதல்ல, திரும்ப எடுப்பது கஷ்டம் என்று தெரிந்து, இப்போது ஜப்பானியத் தாளும் மாவுப்பசையும் என்று ஆகிவிட்டது. பத்து வருடத்துக்கு முன் கற்றதை வைத்துக்கொண்டே காலம் தள்ள முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். உங்கள் ஊரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. ஓலையைச் சுத்தம் செய்து எலுமிச்சைப்புல் தைலம் பூசுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள்.

கேள்வி: வயது 38, இரண்டு பிள்ளைகள். டெல்லியில் ஒரு வருடப் பட்டயப் படிப்புக்குப் போகலாமா?
– வாசகி, சேலம்

பதில்: போக முடிந்தால் போங்கள் சகோதரி. தேசிய ஆவணக்காப்பகம் நடத்தும் அந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு. முடியாவிட்டால் அவர்களே சில வாரப் பயிற்சிகளும் வைக்கிறார்கள், பழுது பார்ப்பது, ஆவண மேலாண்மை என்று தனித்தனியாக. நான் பழுது பார்க்கும் பயிற்சிக்குத்தான் போனேன், அப்போது என் மகளுக்கு நாலு வயது, அம்மா பார்த்துக்கொண்டார். புத்தகத்தில் எத்தனை தடவை படித்தாலும், பசையை மெல்லிய துணியில் வடிகட்டி, தூரிகையில் எவ்வளவு எடுத்தால் தாள் சுருங்காமல் ஒட்டும் என்பது கைக்குத்தான் தெரியும். என் கைக்கு அது பத்தாவது நாள்தான் வந்தது.

கேள்வி: அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 71. தாத்தா ரங்கூனிலிருந்து 1941 வரை எழுதிய அறுபது கடிதங்கள் என்னிடம் உள்ளன. லேமினேஷன் செய்துவிடலாமா? உங்கள் கருத்தரங்குகளில் என்னைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா?
– வாசகர், சிவகங்கை

பதில்: ஐயா, லேமினேஷன் வேண்டவே வேண்டாம், செலோ டேப்பும் கூடாது. கடிதங்களை மடிப்பு நீக்கி, ஒவ்வொன்றையும் நல்ல வெள்ளைத் தாளுக்குள் வைத்து, உறைகளையும் தூக்கிப் போடாமல் அந்தந்தக் கடிதத்தோடு சேர்த்து, தரையில் படாத ஓர் அட்டைப் பெட்டியில் வையுங்கள். உறையில் இருக்கும் முத்திரையைப் படிக்க உங்களை விடப் பொருத்தமான ஆள் யார்?

கருத்தரங்குக்குத் தாராளமாக வரலாம், பதிவு செய்தால் போதும். ஜூன் 9 ஆவணக்காப்பக நாள், 1948-ல் உலக ஆவணக்காப்பக அவை தொடங்கிய தேதி. அந்த வாரம் சில இடங்களில் பொதுமக்களுக்குக் கண்காட்சியும் வைப்பார்கள். வரும்போது கடிதங்களைக் கொண்டுவராதீர்கள், நாலைந்தைப் போனில் படம் எடுத்து வாருங்கள். அதற்கு முன்னால், கடிதத்தில் வரும் "பெரியவர்", "கடைக்காரர்", "நம்ம பையன்" எல்லாம் யார் யார் என்பது இன்றைக்கு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தனி நோட்டில் கடித எண் போட்டு எழுதிவையுங்கள். கடிதத்தின் மேல் எண் போடுவதென்றால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், மெல்லிய பென்சிலில், பின்பக்கம், ஓரத்தில்.